நிதி ஆலோசகர் அறிமுகச் சேவைகள்: அமெரிக்க வரலாறு

நிதி ஆலோசகர் அறிமுகச் சேவை என்பது, சேமிப்பை முதலீடு செய்ய வழிகாட்டி தேடுபவரையும் முதலீட்டு ஆலோசகரையும் இணைத்துவைக்கும் இடைநிலைத் தொழில் ஆகும். அமெரிக்காவில் இன்று இது பெரும்பாலும் இணையவழியில் நடைபெறுகிறது. வாடிக்கையாளர் தம் வயது, சேமிப்பு, தேவை ஆகியவற்றைத் தெரிவித்தால் சில ஆலோசகர்களின் பெயர்கள் கிடைக்கும். பல சேவைகளில் வாடிக்கையாளர் எதுவும் செலுத்துவதில்லை. ஆலோசகரே பணம் தருகிறார். எனவே, பரிந்துரை யாருடைய நலனுக்கானது என்ற ஐயம் எழுகிறது. இந்த ஐயத்தைப் போக்க முயன்ற சட்டங்களின் வரலாறு எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

சட்டத்தின் தோற்றம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1932 ஜூலைக்குள் டௌ ஜோன்ஸ் குறியீடு தன் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 89 விழுக்காடு வீழ்ந்தது. முதலீட்டாளர்களைக் காக்க 1934இல் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் நிறுவப்பட்டது. 1940 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் முதலீட்டு ஆலோசகர்கள் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு

கேப்பிடல் கெயின்ஸ் ரிசர்ச் பீரோ என்னும் நிறுவனம் சந்தாதாரர்களுக்கு முதலீட்டு ஆலோசனை இதழ் அனுப்பிவந்தது. 1960இல் அது சில பங்குகளை முதலில் தான் வாங்கி, பின்னர் அவற்றை வாசகர்களுக்குப் பரிந்துரைத்து, விலை ஏறியதும் விற்று இலாபம் பெற்றது. ஆலோசகர் தம் சொந்த ஆதாயத்தை மறைக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்கில் வாசகருக்கு இழப்பு நேர்ந்ததென மெய்ப்பிக்க வேண்டிய தேவையில்லை என்றும் அது கூறியது.

அறிமுகத்திற்குக் கூலி

இதே நெறி, ஆலோசகரை அறிமுகம் செய்பவருக்கும் பின்னர் விரிந்தது. 1979இல் ஆணையம் வகுத்த விதியின்படி, பணம் பெற்று ஆள் சேர்த்துத் தரும் வெளியார் அதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1983இல் தொடங்கப்பட்ட தேசியத் தனிநபர் நிதி ஆலோசகர் சங்கம், விற்பனைத் தரகு பெறாமல் வாடிக்கையாளரின் கட்டணத்தை மட்டுமே பெறுவோரை உறுப்பினராக்கியது. 2020 டிசம்பரில் ஆணையம் பழைய விதிக்கு மாற்றாகப் புதிய விதியை ஏற்றது. பணம் பெற்று ஆலோசகர்களைப் பரிந்துரைக்கும் இணையதளங்களும் இதன் வரம்பிற்குள் வரலாம். 2022 நவம்பர் 4 முதல் இதைப் பின்பற்றுவது கட்டாயமாயிற்று.

சட்டத்தின் எல்லை

பதிவு பெற்ற ஆலோசகரின் கட்டணம், ஆதாய முரண்கள், ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவற்றை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆயினும் பதிவு என்பது திறமைக்கோ நேர்மைக்கோ தரும் சான்று அன்று. அரசு தம்மைப் பரிந்துரைத்ததாக ஆலோசகர் கூறிக்கொள்வதை 1940ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. மறைக்கப்பட்டதை வெளிக்கொணர்வது சட்டத்தின் பணி. அதைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதலீட்டாளருடையதாகவே உள்ளது.