ஜன்னலும் மேஸ்திரியும்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வீடுகளில் சில காலமாக ஒரு காரியம் நடந்து வருகிறது. பாட்டன் காலத்து மர ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று யுபிவிசி ஜன்னலோ, பளபளக்கும் அலுமினிய ஜன்னலோ வைக்கிறார்கள். ராசிபுரத்திலோ, திருச்செங்கோட்டிலோ, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ ஒரு தெரு வழியாக நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பழைய ஜன்னல் கதவுகள் சுவரோரம் சாத்திக் கிடப்பதைப் பார்க்கலாம். நாள் பூராவும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் தெருவுக்கே வந்துவிட்டது!

இந்தக் காரியத்துக்கு வீட்டுக்காரர் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்? மேஸ்திரியைத்தான். 'கான்டிராக்டர்' என்று விலாசச் சீட்டில் அச்சடித்திருந்தாலும் வாய் என்னவோ 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஜன்னல்' என்ற சொல்லும் 'மேஸ்திரி' என்ற சொல்லும் ஒரே ஊர்க்காரர்கள். இரண்டும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தவை. அங்கே 'ஜனெலா' என்பதே இங்கே ஜன்னல். அங்கே 'மெஸ்த்ரெ' என்று தொழில் தேர்ந்த ஆசானைச் சொல்வார்கள், அவரே நம் மேஸ்திரி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சாவியும் அலமாரியும் மேஜையும் எந்த வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்தனவோ, அதே வழியாக இவர்கள் இருவரும் வந்தார்கள்.

அப்படியானால் அதற்கு முன்பு தமிழன் வீட்டில் ஜன்னலே இல்லையா என்று கேட்காதீர்கள். பொருள் இருந்தது, பெயர்தான் வேறு. சாளரம் என்றார்கள். பல கண்களை உடையது என்று பலகணி என்றார்கள். எல்லாவற்றையும்விட அழகான பெயர் ஒன்று உண்டு: காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும் இடத்தில், மானின் கண்ணைப் போல் அமைத்த காலதரை இளங்கோவடிகள் மறக்காமல் சேர்த்திருக்கிறார். ஆங்கிலேயனின் 'விண்டோ' என்ற சொல்லும் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்ததுதான். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் மனிதன் சுவரில் துவாரம் செய்தபோது அவன் மனத்தில் முதலில் நின்றது காற்று. வேடிக்கை பார்ப்பது அப்புறம் வந்தது. அது வந்திராவிட்டால் எங்களைப் போன்ற கதாசிரியர்களின் பாடு திண்டாட்டமாகியிருக்கும். கதாநாயகி எங்கே போய் நிற்பாள்?

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளியே திண்ணை, நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். வெளிச்சம் வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும். தெருப்பக்கத்து ஜன்னல் சின்னதாக இருக்கும். அதற்குக் கம்பியோ, கடைந்த மரக்குச்சிகளோ இருக்கும். அந்த வீடு தெருவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. சந்தேகப்படக் காரணமும் இருந்தது. மைசூர்ச் சண்டைகளின்போது இந்தச் சமவெளி படைகளின் நடைபாதையாக இருந்தது. 1768-இல் நாமக்கல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். சில மாதங்களில் ஹைதர் அலி அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். 1792-இல் திப்பு சுல்தான் ஒப்பந்தம் செய்துகொண்டு சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனியாருக்குக் கொடுத்த பிறகே இந்தப் பக்கத்தில் படைகளின் போக்குவரத்து ஓய்ந்தது. இன்று வருகிறவன் யார், நாளைக்கு வருகிறவன் யார் என்று தெரியாத ஊரில், தெருவைப் பார்த்து ஆளுயர ஜன்னல் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வெயிலும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் சேலத்துச் சுவர் எப்படிக் காயும் என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்துச் சின்ன ஜன்னல் அறியாமையால் வந்ததன்று, யோசித்துச் செய்தது.

பிற்பாடு ஜன்னல் பெரிதாயிற்று. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு என்று நான்கு கதவு ஜன்னல்கள் வந்தன. கீழ்க் கதவைச் சாத்திக்கொண்டால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மேல் கதவைத் திறந்து வைத்தால் காற்று தாராளமாக வரும். மறைவும் வேண்டும், காற்றும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளையும் நாலு கீல்களையும் நாலு தாழ்ப்பாள்களையும் கொண்டு தீர்த்து வைத்த தச்சர் எவரோ, அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வெளிச்சத்துக்கு விலை போட்ட நாடும் உண்டு. இங்கிலாந்தில் 1696-ஆம் வருஷம் ஜன்னல் வரி விதித்தார்கள். வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி! ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வரி 1851 வரையில் இருந்தது. அது ரத்தான அதே வருஷத்தில் லண்டனில் முழுக்க முழுக்கக் கண்ணாடியும் இரும்புமாக ஒரு மாளிகை கட்டிக் கண்காட்சி நடத்தினார்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு. நம்மை ஆண்டவர்கள் ஜன்னலை எண்ணவில்லை, தறியை எண்ணினார்கள். தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களில் தறியிறை என்ற வரி வருகிறது. கம்பெனியார் காலத்தில் மொதர்பா என்ற பெயரில் தொழிலாளியின் தறி மீதும் தொழில் மீதும் வரி வாங்கினார்கள். சேலம் அம்மாப்பேட்டையிலும் குகையிலும் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு வெளிச்சம் என்பது அலங்காரமல்ல. இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும். வெளிச்சம் குறைந்தால் கூலியும் குறையும்.

சரி, ஜன்னலைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஜன்னலைச் செய்தவனைப் பற்றி?

நாமக்கல்லிலிருந்து தெற்கே போய், பரமத்தி வேலூரில் காவிரியைத் தாண்டினால் கரூர். அங்கே பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயர் பூண்ட அரசன், வெங்கால நாட்டுக் கண்மாளர்களுக்கு எழுதிக் கொடுத்த ஆணை அது. கண்மாளர் என்றால் தச்சர், கொல்லர், கல்வேலைக்காரர் முதலியவர்கள். அந்த ஆணை அவர்களுக்கு என்ன கொடுக்கிறது? கிராமமா, பொன்னா? இல்லை. நல்லது கெட்டதுகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவுதான்.

கடைசி வரத்தை இன்னொரு முறை படியுங்கள். ஊரார் மாளிகைக்கெல்லாம் நிலை நிறுத்திக் கதவு மாட்டிக் கொடுத்தவன், தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ராஜாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது! அந்த ஆணை வருவதற்கு முந்தின நாள் மாலை அவன் எப்படி வீடு திரும்பியிருப்பான்? கையில் பிறர் வீட்டுச் சாந்து. காலில் செருப்பு இல்லை. போய்ச் சேருவது பூச்சு இல்லாத மண்சுவர். கொங்கு நாட்டுச் சரித்திரத்தில் எத்தனையோ போர்கள் உண்டு. எனக்கு என்னவோ இந்தச் சாந்து விஷயம் அந்தப் போர்களுக்குச் சற்றும் இளைத்ததாகத் தோன்றவில்லை.

வீட்டுக்காரனுக்கும் வேலைக்காரனுக்கும் நடுவே சட்டம் செய்தவர்களும் உண்டு. 1909-இல் மைசூரில் ஷாமா சாஸ்திரி அச்சிட்டு வெளியிட்டாரே, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அதைப் புரட்டிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பேசிய இடத்தில், பேசிய நாளுக்குள், பேசிய வேலையைச் செய்யவேண்டும் என்கிறது. நாள் கடத்தினால் கூலியில் கால் பங்கு போயிற்று. அதைப்போல் இரண்டு மடங்கு அபராதம். சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்றால் கூலியே கிடையாது. பொருளைக் கெடுத்தால் ஈடு கட்டவேண்டும். ஆனால் எதிர்பாராத ஆபத்து வந்து வேலை தடைப்பட்டால் குற்றமில்லை. ஜன்னலைப் பற்றியும் அதில் விதி உண்டு: வெளிச்சத்துக்கு ஜன்னலை உயரத்தில் வை, உன் வாசலும் ஜன்னலும் எதிர்வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது, வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் கலந்து பேசி ஒத்துக்கொண்டால் வேண்டியபடி கட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு சமாதானமாகப் போவது எவ்வளவு பழைய கவலை என்று தெரிகிறதல்லவா?

இந்தச் சட்டம் நியாயமானதுதான். ஆனாலும் பெரும்பாலும் வீட்டுக்காரன் பக்கம் நின்று எழுதியது. கரூர்க் கல் மற்றப் பக்கத்தைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

இனி இன்றைய விஷயத்துக்கு வருவோம். உறவுக்காரர் வீடு ஒன்றில் ஜன்னல் மாற்றுகிற பேச்சு நடந்தபோது நானும் இருந்தேன்.

"பூராத்தையும் எடுத்துப்போட்டுத் தள்ளுற ஜன்னலா வெச்சுரலாமுங்க அம்மா. தூசு துளிகூட வராதுங்க" என்றார் மேஸ்திரி.

எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் கேட்டாள்: "தூசு வராது, சரி. காத்து வருமா மேஸ்திரி?"

மேஸ்திரி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதிதானுங்க வரும்" என்றார்.

அந்தப் பாதியில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு கதவுள்ள தள்ளு ஜன்னலில் ஒரு கதவு மற்றக் கதவின் பின்னால் போய் நிற்கும். எப்படித் திறந்தாலும் பாதித் துவாரம் அடைந்தே இருக்கும். பழைய ஜன்னல் முழுவதும் திறந்தது. காலதரை எடுத்துவிட்டு அரைக் காலதர் வைக்கிறோம் என்று தெரிந்து வைத்தால் சரி. தெரியாமல் வைத்துவிட்டு, அப்புறம் மின்விசிறி போதவில்லை என்று மேஸ்திரியை வைதால் சரியல்ல. கீலில் திறக்கும் ஜன்னல்களும் யுபிவிசியில் கிடைக்கின்றன. கேட்டால்தான் காட்டுவார்கள்.

கேட்கவேண்டியவை இன்னும் சில உண்டு. பழைய சுவர் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியதாக இருக்கும். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு மரக்கட்டை. சட்டத்தைப் பெயர்க்கும் முன் முட்டுக் கொடுப்பார்களா? அந்தக் கட்டையைச் செல் அரித்திருந்தால் மாற்றுகிற செலவு யாருடையது? பழைய ஜன்னல் எதுவும் சரியான சதுரமாக இராது. ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளந்தார்களா? சதுர அடிக் கணக்கில் கொசுவலை சேருமா, சேராதா? பெயர்த்த மரம் யாருக்கு? நன்றாக இருக்கிற மரமானால், ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் கீலையும் கீழ்ச் சட்டத்தையும் மாத்திரம் மாற்றினால் போதாதா?

இவை எல்லாவற்றையும்விடச் சண்டை வரும் இடம் வேறு. ஜன்னல் மாட்டுகிறவர் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெயர்த்த இடத்தில் சுவர் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். "பூச்சு வேலை எங்களுடையது இல்லைங்க" என்பார். "அதையும் சேர்த்துத்தானே பேசினோம்" என்பார் வீட்டுக்காரர். பேசினதற்குச் சாட்சி இராது. எழுநூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இன்னும் நமக்குச் சாந்து தகராறு தீர்ந்தபாடில்லை!

ஆகையால் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன ஜன்னல், எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு, பூச்சு யார் பொறுப்பு என்று எழுதுங்கள். அவர் செய்யவேண்டியதை எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் செய்யவேண்டியதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கொடுப்பீர்கள், பாதி வேலையில் உங்கள் மனம் மாறினால் அதற்கு என்ன கொடுப்பீர்கள், மழை வந்து நாள் போனால் பொறுத்துக்கொள்வீர்களா என்று. இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ராஜா கல்லில் வெட்டிக் கொடுத்தால்தான் தொழிலாளிக்கு உரிமை என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது நாமே கொடுத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, அவர் வீட்டு ஜன்னல் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.