ஐம்பது சொல் தேர்வு: ஆஸ்திரேலியா கதவடைத்த கதை

1901 ஜனவரி 1 அன்று ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானது. அதே ஆண்டு டிசம்பரில் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஆசியர்களைத் தடுக்க வேண்டும் என்பதில் நாடாளுமன்றத்தில் பெரிய மறுப்பு இல்லை. அதைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதலாமா என்பதில்தான் வாதம் மூண்டது. குறைந்த கூலிக்கு வெளியாள் வந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி சரியும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சின. தொழிற்கட்சி நேரடித் தடையைக் கேட்டது. இந்தியாவையும் ஜப்பானையும் புண்படுத்தும் வாசகம் கூடாது என்றது லண்டன். குயின்ஸ்லாந்தின் கரும்பு முதலாளிகளுக்குப் பசிபிக் தீவுத் தொழிலாளர் தேவைப்பட்டனர். ஆனால் அதே ஆண்டின் இன்னொரு சட்டம் 1904 மார்ச்சுக்குப் பின் அவர்கள் வரவையும் நிறுத்தியது.

சமரசத்துக்கு வழிகாட்டியது தென்னாப்பிரிக்காவின் நேட்டால். கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் உள்ளிட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கிய அதே நேட்டால், சொந்தச் செலவில் வரும் இந்திய வணிகர்களைத் தடுக்க 1897இல் ஐரோப்பிய மொழியில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆஸ்திரேலியா இதை இன்னும் இறுக்கியது. அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். மொழியைத் தேர்வது அதிகாரியின் உரிமை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் வாசித்தால் முடிந்தது காரியம். தவறியவருக்குச் சிறையோ நாடுகடத்தலோ காத்திருந்தது. 1909க்குப் பின் எவரும் தேறவில்லை.

இந்த ஏற்பாடு 1934இல் சந்தி சிரித்தது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த இடதுசாரி எழுத்தாளர் எகோன் கிஷ் பாசிச எதிர்ப்பு மாநாட்டில் பேச வந்தார். இறங்க அனுமதி மறுக்கப்படவே, மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். பல மொழிகள் அறிந்த அவருக்குச் சிட்னியில் ஸ்காட்டிஷ் கேலிக்கில் தேர்வு வைத்தார்கள். சட்டம் குறிப்பிடும் ஐரோப்பிய மொழி அதுவன்று என உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் டார்வின் நகரைக் குண்டுவீசித் தாக்கியது. இவ்வளவு பெரிய நிலத்தைக் காக்க ஆள் போதாது என்ற கவலை அரசைப் பற்றியது. 1945இல் முதல் குடியேற்ற அமைச்சரான ஆர்தர் கால்வெல் பிரிட்டிஷாரையும், போரில் வீடிழந்த கிழக்கு ஐரோப்பியரையும் பெருமளவில் வரவழைத்தார். ஆசியர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் புதிய சுதந்திர நாடுகள் எழுந்தபோது அண்டை நாடுகளின் அதிருப்தி விலை மிக்கதாகத் தெரிந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்துத் தேர்வை நீக்கியது. 1966இல் ஹரால்ட் ஹோல்ட் அரசு, தகுதி பெற்ற ஐரோப்பியர் அல்லாதோரும் குடியேற வழிவிட்டது. 1973இல் கஃப் விட்லம் அரசு குடியேற்றத்தில் இனம் பார்ப்பதை அடியோடு கைவிட்டது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975இல் வந்தது. அதன்பின் எத்தனை பேரைச் சேர்ப்பது, எந்தத் தொழில் தெரிந்தவருக்கு முதலிடம், படகில் வரும் அகதிகளை என்ன செய்வது என்பவையே விவாதப் பொருளாயின.