ட்ரிகர் சீரமைப்பும் மாற்று ட்ரிகரும்

ரைஃபிள் ட்ரிகரின் இழுவிசையையும் நகர்வையும் சுடுபவருக்கு ஏற்ப அமைக்கும் இரு வழிகள். ஆலையில் பொருத்திய ட்ரிகரைத் திருகுகளால் சீரமைப்பது ஒன்று. வேறு நிறுவனத்தின் ட்ரிகர் தொகுதியை வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. பந்தய ஏர் ரைஃபிளுக்கு முன்னதே பெரும்பாலும் போதும். இழுவிசை, இருகட்ட நகர்வு, விரல் படும் தகட்டின் இடம் என ஒவ்வொன்றையும் அதிலேயே மாற்றிக்கொள்ளலாம். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குச் சர்வதேச விதிகளில் குறைந்தபட்ச இழுவிசை இல்லை. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம்.

வேட்டை ரைஃபிளில் நிலை வேறு. சுடும் ஊசியைத் தடுத்து நிற்கும் கொக்கியின் பிடிப்பு அளவுக்கு மீறிக் குறைந்தால், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே குண்டு வெடிக்கலாம். ஆலைத் தயாரிப்பும் விலக்கல்ல: ரெமிங்டன் 700 ரைஃபிளின் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர்கள், தற்செயலாக வெடிக்கும் அபாயத்தால் 2014இல் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் உரிமமின்றிச் சுடுகலனைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்கிறது.