சைக்கிளில் வந்த தளபதி

முதல் உலகப் போர்க் காலம். 1914 நவம்பர் 4, விடியலுக்கு முந்தைய இருட்டு. ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா நகரில் ஒருவர் சைக்கிள் மிதித்துப் போகிறார். தெருவில் ஈ காக்கை இல்லை. கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் விளக்குகள் ஜொலிக்க நிற்கின்றன. சைக்கிளில் வந்தவர் பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக், ஜெர்மானியத் தளபதி. ஊரைக் காப்பதா, விட்டுவிடுவதா என்று கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வந்திருந்தார்.

அவரிடம் இருந்தவர்கள் சுமார் 1,000 பேர். எதிரே மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கெனின் 8,000 பேர். அவர்களில் நம்மூர்ப் பெயர் தாங்கிய படையும் ஒன்று: 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அக்டோபர் 16இல் பம்பாயிலிருந்து கிளம்பி, கப்பலுக்குள் அடைந்து கிடந்து துவண்டு வந்தவர்கள். அந்த மண்ணை அறிந்த கிங்ஸ் ஆப்ரிக்கன் ரைபிள்ஸ் உதவ முன்வந்தும் எய்ட்கென் வேண்டாம் என்றுவிட்டார்.

பெரிய கூத்து அதற்கு இரண்டு நாள் முன்னதாக, நவம்பர் 2 காலையில் நடந்தது. பிரிட்டிஷ் ‘ஃபாக்ஸ்’ போர்க்கப்பலின் கேப்டன் கால்ஃபீல்டு ஜெர்மானிய அதிகாரியை அழைத்து, ஒரு மணி நேரத்தில் சரணடையச் சொன்னார். திருட வந்தவன் கதவைத் தட்டி நேரம் சொன்ன கதைதான்! கெடு முடிந்தும் குண்டு வெடிக்கவில்லை; கடலில் கண்ணிவெடி இருக்கிறதா என்று துழாவுவதிலேயே பொழுது கழிந்தது. லெட்டோவோ உள்நாட்டு ஊரான மோஷியிலிருந்து ரயிலில் ஆட்களை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

3ஆம் தேதி பிரிட்டிஷ் படையின் முதல் தாக்குதல் முயற்சி அடிபட்டுத் திரும்பியது.

மறுநாள் பிற்பகல் ரப்பர் தோட்டத்துக்குள் பெரிய தாக்குதல். புதரில் பக்கத்து ஆளே தெரியவில்லை. காஷ்மீர் ரைபிள்ஸும் லங்காஷயர் படையும் சுங்கக் கட்டடம்வரை புகுந்துவிட்டன. பாளையங்கோட்டைப் படை இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் சிதறி ஓடியது. தேனுக்காக உள்ளூர்க்காரர்கள் மரங்களில் குடைந்த கட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சண்டையில் கலைந்த தேனீக்கள் பிரிட்டிஷ் தரப்பின் 98ஆவது படையை மொய்த்துக்கொண்டன. ஜெர்மானியர் பழக்கி ஏவியவை என்றே பிற்பாடு வதந்தி பரவியது. ஆனால் தேனீக்கள் கட்சி பார்க்கவில்லை. ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்கும் கொட்டு விழுந்தது.

5ஆம் தேதி படை மீண்டும் கப்பலேறியது. பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் சுமார் 360, காயம்பட்டவர்கள் 487. பழி ‘ஓடிப்போன மதராஸ் சிப்பாய்’ தலையிலும் தேனீக்கள் மேலும் விழுந்தது. வேவு பார்க்காமல், களைப்புத் தீராத ஆட்களைப் புதருக்குள் தள்ளியது யார் என்பதல்லவா முதல் கேள்வி? லண்டன் திரும்பிய எய்ட்கெனைப் பார்க்க பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் மறுத்தார். பதவியும் கர்னலாகக் குறைந்தது.

பிரிட்டிஷார் விட்டுப்போய்க் கரையில் கிடந்தவை 455 துப்பாக்கிகள், லட்சக்கணக்கான தோட்டாக்கள். அடர்புகை கக்கும் 1871 மாடல் துப்பாக்கியோடு திண்டாடிய லெட்டோவின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்கு அது தீபாவளி. அதன்பின் நான்கு ஆண்டுகள் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஐரோப்பாவில் போர் நின்று இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25இல், வடக்கு ரொடீசியாவின் அபர்கார்னில் சரணடைந்தார். அன்று அவர் ஒப்படைத்த 37 இயந்திரத் துப்பாக்கிகளில் ஜெர்மனியில் செய்தவை 7. மீதி 30 பிரிட்டிஷாரிடமிருந்து பறித்தவை.