வட்டியில்லாக் கடன் அட்டையில் கார் வாங்குதல் (பிரிட்டன்)

புது வாடிக்கையாளரைப் பிடிக்க வங்கிகள் தரும் வட்டியற்ற அறிமுகக் காலத்தைப் பயன்படுத்தி, காரின் விலையை முழுதாகவோ பகுதியாகவோ கடன் அட்டையில் செலுத்தி, அந்தக் காலம் முடிவதற்குள் மாதத் தவணைகளாக அடைத்துவிடும் முறை இது. பிரிட்டனில் இதற்கு இரண்டு கவர்ச்சிகள் உண்டு. வட்டி இல்லை என்பது ஒன்று. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் தரும் காப்பு மற்றொன்று. வாங்குவோர் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கார் விஷயத்தில் பின்னதுதான் பெரிது.

அட்டையும் கணக்கும்

வட்டியில்லாச் சலுகை எல்லா அட்டைகளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடையில் பொருள் வாங்குவதற்கு ஒரு வகை, வேறொரு அட்டையின் பாக்கியை மாற்றிக்கொள்வதற்கு இன்னொரு வகை, வங்கிக் கணக்கிலேயே ரொக்கமாகப் பணம் பெற மூன்றாவது வகை. விற்பனை நிலையத்தில் கார் வாங்குபவருக்கு வேண்டியது முதல் வகை. அதன் சலுகைக் காலம் சில அட்டைகளில் 20 மாதங்களையும் தாண்டும்.

கணக்கு எளிது. 6,000 பவுண்டை 20 மாதத்தில் அடைக்க மாதம் 300 பவுண்டு. சிக்கல் என்னவென்றால், வங்கி அந்த 300-ஐக் கேட்பதில்லை. மாதப் பட்டியலில் அது கேட்கும் குறைந்தபட்சத் தொகை மிகச் சிறியது. பெரும்பாலும் பாக்கியில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதை மட்டும் கட்டி வருபவருக்குச் சலுகை முடியும் நாளில் அசலில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அப்போது 4,000 பவுண்டு மிச்சமிருந்து, ஆண்டு வட்டி 24.9 சதவீதம் என்றால், மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 75 பவுண்டு. வங்கிக்கு இந்த வியாபாரத்தில் லாபம் வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

சலுகைக் காலம் பொதுவாகக் கணக்கு திறந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, கார் வாங்கிய நாளிலிருந்து அல்ல. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கார் தேடினால் மூன்று மாதம் போயிற்று. கெடு தேதி ஒருமுறை தவறினாலும் சலுகையையே திரும்பப் பெறும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பது வழக்கம். தாமதக் கட்டணமாக 12 பவுண்டு வேறு.

எல்லாருக்கும் ஒரே சலுகை கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. விளம்பரத்தில் காட்டும் ஆண்டு வட்டி விகிதத்தை, ஏற்கப்படுவோரில் குறைந்தது 51 சதவீதத்தினருக்குத் தந்தால் போதும் என்பது அங்கே விதி. மற்றவர்களுக்கு விகிதம் கூடலாம், வட்டியில்லாக் காலம் குறையலாம். கடன் வரம்பு பெரும்பாலும் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான் தெரியவரும். 8,000 பவுண்டு காரைப் பேசி முடித்துவிட்டு அட்டைக்கு விண்ணப்பித்தவர் கையில் 2,500 பவுண்டு வரம்போடு அட்டை வந்து சேர்ந்தால் மீதிக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

75-ஆம் பிரிவு

நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, பொருளில் குறை இருந்தாலோ விற்றவர் பொய் சொல்லி விற்றிருந்தாலோ, விற்றவரோடு சேர்த்துக் கடன் தந்த நிறுவனமும் பொறுப்பு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். இந்த வரம்பு பொருளின் விலைக்குத்தான், அட்டையில் செலுத்திய தொகைக்கு அல்ல. கார் வாங்குவோருக்கு இதைவிடப் பயனுள்ள சேதி வேறில்லை.

ஒருவர் 7,500 பவுண்டுக்குப் பழைய கார் ஒன்றை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 500 பவுண்டு அட்டையில். மீதி 7,000 வங்கிக் கணக்கிலிருந்து நேராக. மூன்றாவது வாரம் கியர்பாக்ஸ் போய்விடுகிறது. விற்பனை நிலையம் போன் எடுப்பதில்லை, பிறகு மூடியே விடுகிறது. வாங்கியவர் அட்டை நிறுவனத்திடம் கேட்கக்கூடியது 500 பவுண்டு அல்ல, 7,500 பவுண்டு. அந்த 500-ஐ அவர் மறுமாதமே அடைத்திருந்தாலும், அட்டை வட்டியில்லா அட்டையாக இல்லாவிட்டாலும், உரிமை மாறாது. மறுபுறம் காரின் விலை 31,000 பவுண்டாக இருந்தால், அட்டையில் எவ்வளவு செலுத்தினாலும் இந்தப் பிரிவு கைகொடுக்காது.

உரிமையின் அளவை 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வகுக்கிறது. குறையுள்ள காரை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு விற்றவர் பழுதுபார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. அது பலிக்காவிட்டால் திருப்பலாம். மற்றப் பொருள்களுக்கு முதல் ஆறு மாதம் வரை பயன்பாட்டுக்கென்று எதையும் கழிக்கக் கூடாது. மோட்டார் வாகனத்துக்கு மட்டும் விதிவிலக்கு. ஓட்டிய மைல்களுக்கு ஈடாக ஒரு தொகை பிடித்துக்கொள்ள முடியும்.

அட்டை நிறுவனம் மறுத்தாலோ எட்டு வாரத்தில் முடிவு சொல்லாவிட்டாலோ நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் பணம் அட்டையிலிருந்து விற்றவருக்கு நேராகப் போயிருக்க வேண்டும். பேபால் போன்ற இடைத்தரகர் வழியே போனால் சங்கிலி அறுந்துவிடக் கூடும். கணவர் பெயரிலுள்ள கணக்கின் கூடுதல் அட்டையைக் கொண்டு மனைவி தனக்கென்று கார் வாங்கினாலும் இதே சிக்கல் எழும்.

விற்பனையாளர் தரப்பு

அட்டையில் பணம் வாங்குவது விற்பவருக்குச் செலவு. முன்பெல்லாம் அதை இரண்டு மூன்று சதவீதக் கூடுதல் கட்டணமாக வாங்குபவர் தலையில் கட்டிவந்தார்கள். 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் அட்டைகளுக்கு அப்படி வசூலிக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் அட்டையை ஏற்றே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் பல விற்பனை நிலையங்கள் கடன் அட்டையில் முன்பணம் மட்டும் வாங்குகின்றன, சில அடியோடு மறுக்கின்றன. முழு விலையையும் அட்டையில் தள்ளிவிடலாம் என்று கிளம்புபவர் முதலில் போனில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. நிலையத்தின் சொந்தக் கடன் ஏற்பாட்டில் அவர்களுக்குத் தரகு கிடைக்கும். அந்தக் கடனை எடுப்பவருக்கு மட்டும் விலைச் சலுகை என்றால், வட்டியில்லா அட்டையால் மிச்சமாவதை இழந்த சலுகையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பிற கடன்களோடு ஒப்பீடு

தவணைக் கொள்முதலிலும், கடைசியில் பெருந்தொகை ஒன்றைக் கட்டி காரைச் சொந்தமாக்கிக்கொள்ளும் பிசிபி ஒப்பந்தத்திலும், கடன் தீரும்வரை கார் கடன் நிறுவனத்தின் சொத்து. அட்டையில் வாங்கிய கார் அன்றே வாங்கியவருக்குச் சொந்தம். வேண்டுமானால் மறுநாளே விற்கலாம். ஆனால் அந்த ஒப்பந்தங்களில் கட்ட வேண்டிய மொத்தத்தில் பாதியைக் கட்டியவர் காரை ஒப்படைத்து விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அட்டைக் கடனில் அப்படி ஒரு வாசல் இல்லை.

தனிநபரிடம் பழைய கார் வாங்குபவருக்கு அட்டை நேரடியாக உதவாது. ரொக்கம் தரும் மூன்றாவது வகை அட்டை உதவும்; அதற்குச் சில சதவீதம் கட்டணம் உண்டு. பணம் முதலில் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுவதால் 75-ஆம் பிரிவின் காப்பு அதற்குக் கிடையாது.