வேண்டா விருந்தாளிக் கதைகள்

வேண்டா விருந்தாளிக் கதைகள் என்பன, அழையாமல் வந்து வீட்டையே குழப்பிவிடும் விலங்கு, பேய், பூதம் முதலியவற்றையோ ஓயாது வந்துகொண்டிருக்கும் உறவினரையோ பாத்திரமாக்கிச் சிரிப்பூட்டும் சிறுவர் கதைகளாகும். விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் சமூகங்களில், வாய்விட்டுச் சொல்ல முடியாத சலிப்புக்கு இவை வடிகாலாக அமைகின்றன.

இவ்வகைக்கு நல்ல முன்மாதிரி, முஸ்லிம் சமூகங்களில் வழங்கும் நகைச்சுவை நாயகரான முல்லா நஸ்ருத்தீனின் கதையாகும். உறவினர் ஒருவர் கொண்டுவந்த வாத்தைச் சமைத்து முல்லா விருந்திட, அந்த உறவினரின் நண்பர், நண்பரின் நண்பர் என்று நாள்தோறும் ஆட்கள் வந்து சேர, இறுதியில் வந்தவருக்கு வெந்நீரைக் கிண்ணத்தில் வார்த்து, அது வாத்துச் சாற்றினுடைய சாற்றின் சாறு என்கிறார் முல்லா. எவரையும் வைது விரட்டாமல் விருந்துபசாரத்தின் முறையைக் கொண்டே விருந்தாளியை மடக்கும் இந்த நயம், இவ்வகையின் உச்சம் எனத் தகும்.

பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில், அரசனின் படுக்கையில் வாழும் பேனிடம் விருந்தாக வந்த மூட்டைப்பூச்சி, அரசன் உறங்குமுன் கடித்துவிட்டுத் தப்ப, இடம்கொடுத்த பேன் கொல்லப்படுகிறது. இங்கு நகைச்சுவை கசப்பானது. ஔவையார் பற்றிய செவிவழிக் கதையில் முறை தலைகீழாகிறது: பாழ்மண்டபத்தில் படுக்க வந்த மூதாட்டியே, அங்குக் குடியிருக்கும் பேய்க்கு வேண்டா விருந்தாளி.

ஆங்கிலத்தில், டாக்டர் சூஸின் தொப்பி அணிந்த பூனை (1957) அலங்கோலமாக்கிய வீட்டைத் தன் விந்தைப் பொறியால் ஒழுங்குபடுத்திச் செல்ல, ஜூடித் கெர்ரின் புலி (1968) தேநீருக்கு வந்து, குழாய்த் தண்ணீரையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போகிறது.