‘பீ’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள்



தென்காசியை அடுத்துள்ள இலஞ்சியின் பெயருக்கு மகிழமரம், குளம் என இரு பொருள்கள் உண்டு. ஊருக்கே பொருளுள்ள பெயர் அமைந்திருக்க, நம் பிள்ளைகளின் பெயருக்குப் பொருள் வேண்டாமா?

நம் பாட்டனார் தலைமுறையில் பீர்முகம்மது என்னும் பெயர் பெருவழக்காக இருந்தது. ‘பள்ளி’ என்பதில் ஒலிக்கும் பகர ஓசை அரபியின் 28 எழுத்துகளில் இல்லை. பாரசீகர் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட 4 எழுத்துகளுள் அதுவும் ஒன்று. ஆகவே ‘பீர்’ பாரசீகச் சொல்லாகும். முதியவர், ஞானவழிகாட்டி என்பது அதன் பொருள். ‘பீவி’ என்பதும் பாரசீக வழியே வந்த ‘பீபீ’தான், பெருமாட்டி என்று பொருள்படும். ஓசை வேறாயினும் தமிழில் இரண்டிற்கும் எழுத்து ஒன்றே.

இப்பெயர் தாங்கிய ஞானி பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ளார்கள். அவர்கள் இயற்றிய ‘ஞானப்புகழ்ச்சி’ அங்கு ஆண்டுதோறும் ஓதப்படுகிறது.

பெற்றோர்களே! அரபியல்ல என்பதற்காகவோ, பழையது என்பதற்காகவோ இப்பெயர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பொருள் நல்லதாயின் மொழி தடையன்று. எழுத்தைத் தேடும் முன் பொருளை வினவுங்கள்; வீட்டுப் பெரியவர்களின் பெயர்களையும் கேட்டறியுங்கள்.